பாதத்தில் நாடி கிடைத்தும் கால் ஏன் ஜில்லிட்டது?

கேள்வி: வட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி மருத்துவராக இருக்கிறேன். 34 வயது ஆண், மாலை 7.30 மணிக்கு பைக் விபத்து. வலது முட்டி பின்னோக்கி மடங்கிக் கோணலாகக் கிடந்ததாகவும், அங்கிருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்து நேராக்கிவிட்டதாகவும் கூட வந்தவர்கள் சொன்னார்கள். 8.15க்கு எங்களிடம் வந்தார். பி.பி. சரியாக இருந்தது, முட்டியில் பெரிய வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் முறிவும் இல்லை, விலகலும் இல்லை. பாதத்தில் நாடி கிடைத்தது. ஜவ்வு கிழிந்திருக்கும் என்று நினைத்து, 9 மணிக்கு ஸ்லாப் (ஒரு பக்கம் மட்டும் வைக்கும் அரை மாவுக்கட்டு) கட்டி வார்டில் சேர்த்தேன். மறுநாள் காலை 9 மணி ரவுண்ட்ஸில் பாதம் வெளிறி, ஜில்லென்று, நாடி இல்லாமல் இருந்தது. உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். அறுவை செய்து காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இப்போது அவரால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. எங்கே தவறினேன்? எங்களிடம் சி.டி. கிடையாது. டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி) என்று இருப்பது பிரசவ வார்டில் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும் கருவி ஒன்றுதான். இந்த வசதிக்குள் என்ன செய்திருக்க முடியும்?

பதில்: நாடி பார்த்தீர்கள், அதில் குறையில்லை. ஒரே ஒரு தடவை விரலால் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் அதையே நம்பி இருந்ததில்தான் குறை. அதற்கும் முன்னால் இன்னொன்று நடந்திருக்கிறது. இது முட்டி மூட்டு விலகல் என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படவே இல்லை. அந்தச் சொல் அங்கே இருந்திருந்தால், இரவு முழுக்க யாராவது அந்தக் காலைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

நோயைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கூட வந்தவர்கள். "பின்னோக்கி மடங்கிக் கிடந்தது, இழுத்து நேராக்கினோம்." இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. விலகிய முட்டிகளில் பெரும்பங்கு மருத்துவமனைக்கு வருவதற்குள் தானாகவோ பிறர் கையாலோ இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அப்புறம் எடுக்கும் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். எக்ஸ்ரே காட்டுவது அந்த நிமிடத்தில் எலும்பு இருக்கும் இடத்தை மட்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் அது எங்கே இருந்தது என்பதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

வீக்கம் இல்லாததும் ஆறுதல் தரும் விஷயமல்ல. ஒரே ஒரு ஜவ்வு கிழிந்தால் மூட்டு உறைக்குள் ரத்தம் தேங்கி முட்டி பந்து மாதிரி உப்பும். முழு விலகலில் உறையே கிழிந்துவிடுவதால் ரத்தம் உள்ளே நிற்காமல் தொடைக்கும் கெண்டைக்கும் பரவிவிடும். இவ்வளவு பெரிய அடி, முட்டியோ தட்டையாக இருக்கிறது என்றால் சந்தேகம் கூடத்தான் வேண்டும். இரண்டு கட்டைவிரல்களையும் பிடித்துக் கால்களை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடிபட்ட முட்டி மட்டும் பின்பக்கம் வில்லாக வளைந்து தொங்கினால் பின்பக்க உறை போயிருக்கிறது. முட்டியை முழுதாக நீட்டி வைத்துப் பக்கவாட்டில் லேசாக அசைக்கும்போது கதவு மாதிரித் திறந்தால் பக்க ஜவ்வோடு குறுக்கு ஜவ்வும் அறுந்திருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ ஜவ்வுகள் போயிருந்தால், விலகியதை யாரும் பார்க்கவில்லை என்றாலும் விலகிய மூட்டாகவே நடத்த வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம் உண்டு. முட்டிச் சில்லு பக்கவாட்டில் நழுவினாலும் "முட்டி விலகிடுச்சு" என்பார்கள், தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் பிரிந்தாலும் அதையேதான் சொல்வார்கள். சில்லு நழுவுவதால் தமனி அடிபடுவது மிக அரிது. மற்றது கால் போகும் விஷயம். ஆகவே "எது நழுவியது, முன்னால் இருக்கும் சில்லா, மொத்தக் காலுமேவா?" என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதிவேக விபத்துதான் வேண்டும் என்றும் இல்லை. உடல் பருமன் அதிகம் உள்ளவர் படியில் தடுக்கி விழுந்தே முட்டி முழுதாக விலகலாம். அவர்களுக்குத் தமனி, நரம்பு சேதம் குறைவாக இருக்கும் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

இனி தமனி. முட்டிக்குப் பின்னால் ஓடும் பாப்லிட்டியல் தமனி இரண்டு முளைகளில் கட்டிய கொடிக்கயிறு மாதிரி. மேலே, தொடையின் உட்பக்கத் தசையில் உள்ள துளை வழியாக அது பின்பக்கம் வரும் இடத்தில் ஒரு பிடிப்பு. கீழே, கெண்டையில் உள்ள சோலியஸ் தசையின் நார்வளைவுக்கு அடியில் நுழையும் இடத்தில் இன்னொரு பிடிப்பு. நடுவில் மூட்டு நகர்ந்தால், நழுவி வழிவிட அதற்கு இடமில்லை. பின்னோக்கி மடங்கும்போது அது இழுபடும். கென்னடி என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1963இல் இறந்தவர்களின் கால்களில் செய்து பார்த்த சோதனையில், முட்டி சுமார் 30 டிகிரி பின்னோக்கி மடங்கியபோது பின்பக்க உறை கிழிந்தது, சுமார் 50 டிகிரியில் தமனி போனது. கீழ்க்கால் எலும்பு பின்பக்கமாகத் தள்ளப்படும் விலகலில் தமனி நேரடியாக வெட்டுப்பட்டது போல அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

உங்கள் நோயாளிக்கு நடந்தது முதல் வகை என்றே தோன்றுகிறது. தமனியின் வெளிச்சுவர் உறுதியானது, இழுத்தால் தாங்கும். உட்படலம் தாங்காமல் கிழியும். கிழிந்த ஓரம் குழாய்க்குள் உரிந்த பெயிண்ட் மாதிரி மடங்கி நிற்கும். முதல் சில மணி நேரம் அதைச் சுற்றி ரத்தம் ஓடத்தான் செய்யும், நாடியும் கிடைக்கும். பிறகு அந்த ஓரத்தில் ரத்தத்தட்டுகள் ஒட்டும், கட்டி பெரிதாகும், ஒரு கட்டத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். இரவு 9 மணிக்கு இருந்த நாடி விடிவதற்குள் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். முட்டியைச் சுற்றியுள்ள சிறு கிளைத் தமனிகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் போய், பிரதான குழாய் அடைத்த பிறகும் பாதத்தில் மங்கலாக நாடி தட்டுவதும் உண்டு. அது தோலுக்குப் போதும், தசைக்குப் போதாது.

முட்டி விலகலில் பாத நாடியின் நம்பகத்தன்மையைப் பற்றி 2002இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாடிக் குறைபாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அறுவை தேவைப்படும் தமனிக் காயங்களில் 79 சதவீதம்தான் பிடிபடும் என்று கணக்கிட்டது. மிச்சம் ஐந்தில் ஒன்று நழுவிவிடும். விலகிய முட்டிகளில் எத்தனைக்குத் தமனிக் காயம் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். பழைய தொகுப்புகள் மூன்றில் ஒன்று என்றன, 2014இல் வந்த தொகுப்பாய்வு 18 சதவீதம் என்றது. எதை எடுத்துக்கொண்டாலும், "அபூர்வம், பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடிய எண் இல்லை.

நேரக் கணக்கு விபத்து நடந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது. நோயாளி உங்களிடம் வந்த நேரத்திலிருந்து அல்ல. கிரீனும் ஆலனும் 1977இல் வெளியிட்ட தொகுப்பில், 6 முதல் 8 மணி நேரத்துக்குள் தமனியைச் சரிசெய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குக் கால் பிழைத்தது. 8 மணி நேரம் தாண்டியவர்களில் 86 சதவீதத்தினருக்குக் காலை வெட்ட வேண்டியதாயிற்று. இன்றைய அறுவை நுட்பத்தில் பின்னதில் முன்னேற்றம் உண்டு, ஆனாலும் 6 மணி நேரம் என்ற எல்லைக்கோடு மாறவில்லை. 7.30க்கு விபத்து என்றால் எல்லை அதிகாலை 1.30. நீங்கள் கண்டுபிடித்தது பதின்மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு. அப்படியும் கால் பிழைத்தது என்றால், குழாய் முழுதாக அடைத்தது விடியற்காலை வாக்கில் இருக்கலாம். இரவுக் குறிப்பு எதுவும் இல்லாததால் இதை ஊகமாகத்தான் சொல்ல முடிகிறது.

அன்று இரவு 8.15க்கு என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்போம். மூச்சு, ரத்த அழுத்தம், தலை, வயிறு எல்லாம் பார்த்த பிறகு, மூட்டு இன்னும் விலகிய நிலையில் இருந்தால் முதல் வேலை அதை இடத்தில் வைப்பது. பாதம் ஜில்லென்றிருந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து, உதவியாளர் தொடையைப் பிடித்துக்கொள்ள, காலை அதன் நீளவாக்கில் நிதானமாக இழுங்கள். கீழ்க்கால் முன்னால் வந்திருந்தால் இழுத்தபடியே தொடை எலும்பின் கீழ்முனையை முன்னால் தூக்க வேண்டும், பின்னால் போயிருந்தால் கீழ்க்காலை முன்னால் தூக்க வேண்டும். முட்டியைப் பின்னோக்கி மடக்கக் கூடாது, பின்குழியில் கை வைத்து அழுத்தவும் கூடாது. ஒரு விதிவிலக்கு: முட்டியின் உட்பக்கத் தோல் குழிந்து உள்ளே இழுபட்டிருந்தால் விட்டுவிடுங்கள். எலும்பு முனை பொத்தான் துளையில் மாட்டியது போல உறைக்குள் சிக்கியிருக்கும், வெளியிலிருந்து இழுத்து வராது. இழுக்க இழுக்க அந்தத் தோல்தான் சாகும். அது திறந்து சரிசெய்ய வேண்டிய மூட்டு.

இடத்தில் வைப்பதற்கு முன்பும் பின்பும் நாடியைப் பார்த்து நேரத்தோடு எழுதுங்கள். முன்பு இல்லாத நாடி இழுத்து வைத்ததும் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி வரும். அந்த நோயாளிதான் அதிக ஆபத்தில் இருப்பவர். அவ்வளவு நேரம் முறுக்கிக்கொண்டு கிடந்த குழாயின் உட்படலம் முழுதாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நாடி பார்ப்பதிலும் கைப்பழக்கம் வேண்டும். பாதத்தின் மேல்நாடி, கட்டைவிரலைத் தூக்கும் தசைநாணுக்குச் சற்று வெளிப்பக்கம், முதல் இரண்டு விரல்களின் எலும்புகளுக்கு நடுவே கிடைக்கும். பின்நாடி, உட்பக்கக் கணுவுக்கும் குதிகாலுக்கும் பாதி வழியில். இரண்டையும் இரண்டு கால்களிலும் பாருங்கள். சிலருக்குப் பிறவியிலேயே மேல்நாடி கைக்குக் கிடைக்காது, மற்ற காலைப் பார்த்தால்தான் அது தெரியும். நாம் எண்ணுவது நோயாளியின் நாடியா, நம் விரல் நுனியின் துடிப்பா என்ற சந்தேகம் அவசரத்தில் அடிக்கடி வரும். மானிட்டரில் ஓடும் இதயத் துடிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் தேடவேண்டியிருக்காது. நகத்தை அழுத்திவிட்டுச் சிவப்பு திரும்பும் நேரத்தைப் பார்ப்பது கிளைத் தமனிகளின் ரத்தத்தாலேயே ஏமாற்றும். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இவற்றில் ஏதாவது இருந்தால் அளவெடுப்பதில் நேரம் கழிக்க வேண்டியதில்லை: நாடியே இல்லை, பாதம் ஜில்லிட்டு வெளிறியிருக்கிறது, பின்குழியில் ரத்தக்கட்டு கண்ணெதிரே பெரிதாகிறது, காயத்திலிருந்து ரத்தம் பீறிடுகிறது, ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இரைச்சல் கேட்கிறது. நேரே அறுவை அரங்குதான். "ஸ்பாசமாக இருக்கும், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்ற பேச்சு இந்தக் காயத்தில் நிறையக் கால்களைத் தின்றிருக்கிறது. தமனி சுருக்கம் என்று சொல்லும் உரிமை ரத்தக் குழாயின் உள்ளோட்டத்தைக் காட்டும் ஆஞ்சியோ படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

இவை எதுவும் இல்லாதபோது, உங்கள் நோயாளியைப் போல நாடி "இருக்கிறது" என்று தோன்றும்போது, விரலுக்குப் பதில் எண் வேண்டும். அதுதான் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்கும் விகிதம், வார்டில் ஏ.பி.ஐ. என்போம். பத்து நிமிட வேலை. நோயாளியை மட்டமாகப் படுக்க வையுங்கள். சாதாரண பி.பி. கஃபைக் கணுவுக்கு இரண்டு விரல் மேலே சுற்றுங்கள். நாடி இருக்கும் இடத்தில் தாராளமாக ஜெல் வைத்து, டாப்ளர் முனையை 45 முதல் 60 டிகிரி சாய்வில், தொடையை நோக்கியபடி வையுங்கள். அழுத்தினால் தமனியே நசுங்கி ஒலி போய்விடும், தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கஃபை ஏற்றி, ஒலி நின்ற பிறகு இன்னும் 20, 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். ஒலி முதலில் திரும்பும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்நாடி, பின்நாடி இரண்டிலும் எடுங்கள். கையிலும் ஸ்டெதாஸ்கோப்பால் எடுக்காமல் அதே டாப்ளரால், இரண்டு கைகளிலும் எடுங்கள்.

ஒரு கணக்கு: வலது கை 128, இடது கை 124. அடிபட்ட காலில் மேல்நாடி 96, பின்நாடி 102. பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்தால் 102 கீழ் 128, அதாவது 0.80. நல்ல காலில் 132 கீழ் 128, அதாவது 1.03. முதல் காலில் விரலுக்கு நாடி கிடைத்திருக்கும், பாதமும் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். ஆனாலும் இந்தக் கால் ஆஞ்சியோவுக்குப் போக வேண்டிய கால்.

எல்லைக்கோடு 0.9. மில்ஸும் சகாக்களும் 2004இல் விலகிய முட்டியுடன் வந்த 38 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 0.9க்குக் கீழே இருந்த 11 பேருக்கும் அறுவை தேவைப்படும் தமனிக் காயம் இருந்தது. 0.9 அல்லது அதற்கு மேல் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுதான், அந்த நூற்றுக்கு நூறை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கைக்கு அடங்கும் ஒரு கருவியால் இவ்வளவு தெரிகிறது என்றால் அதைச் செய்யாமல் விட நியாயமில்லை.

இந்த எண் ஏமாற்றும் இடங்களும் உண்டு. சர்க்கரை நோயாளி, சிறுநீரக நோயாளி, வயதானவர் ஆகியோருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கஃப் அதை நசுக்க முடியாது. விகிதம் 1.3க்கு மேல் வரும், அது நல்ல செய்தி அல்ல, அளவீடே செல்லாது என்று பொருள். பி.பி. விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு இரண்டு கால்களிலும் குறைவாகக் காட்டும். ரத்தமும் திரவமும் ஏற்றி, உடலைச் சூடாக்கி, மறுபடி எடுங்கள். ஒரு காலில் மட்டும் குறைவு என்றால் பழியை பி.பி. மேல் போட முடியாது. தானியங்கி பி.பி. மெஷினைக் கணுக்காலில் கட்டி வரும் எண்ணை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ரத்த ஓட்டம் மங்கிய காலில் அது தப்பாகத்தான் காட்டும். உட்படலத்தின் சின்னக் கிழிசல் ஓட்டத்தைத் தடுக்காத வரை விகிதம் சரியாகவே இருக்கும். அதனால்தான் ஒருமுறை 1.0 வந்ததோடு விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

பிரசவ வார்டுக் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, வயிற்றுக்குள் ஆழத்தில் கேட்பதற்காகச் செய்தது. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் பாதத் தமனிக்கு 8 மெகாஹெர்ட்ஸ் முனை வேண்டும். பிரசவக் கருவியில் தெளிவான ஒலி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், கிடைக்கவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் தெரியாது. இதைவிட, மானிட்டரில் இருக்கும் ஆக்ஸிமீட்டர் கைகொடுக்கும். கால்விரலில் மாட்டி, திரையில் அலை வருவதைப் பாருங்கள். கணுக்கால் கஃபை மெதுவாக ஏற்றி அலை மறையும் எண்ணையும், மெதுவாக இறக்கி அலை திரும்பும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கைவிரலிலும் அதையே செய்து வகுத்துப் பாருங்கள். அலை காட்டாமல் எண் மட்டும் காட்டும் கிளிப் கருவி இதற்கு உதவாது. திரையில் தாமதம் இருப்பதால் வேகமாக இறக்கினால் எண் தப்பும், விரல் குளிர்ந்திருந்தாலும் நகத்தில் மருதாணி இருந்தாலும் அலை சரியாக வராது. டாப்ளருக்கு ஈடாகாது, ஆனால் இரண்டு கால்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: கால்விரலில் 98, 99 என்று ஆக்ஸிஜன் அளவு காட்டுவதை ரத்த ஓட்டத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள். சொட்டுச் சொட்டாகப் போகும் ரத்தத்திலும் ஆக்ஸிஜன் நிறைந்தே இருக்கும்.

விகிதம் 0.9 அல்லது மேல், இரண்டு கால்களிலும் நாடி சமம் என்றால், சி.டி.யும் ரத்தநாள அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுக்காமலே 48 மணி நேரம் கவனித்துப் பார்க்கலாம். சேரும்போது, 4 முதல் 6 மணி நேரத்தில், 24 மணியில், 48 மணியில் மருத்துவரே பார்ப்பது ஒரு நல்ல வரிசை. நடுவில் முதல் நாள் முழுக்க மணிக்கொரு தடவை நர்ஸ் பார்க்க வேண்டும். விகிதம் 0.9க்குக் கீழ் என்றாலோ, விகிதம் சரியாக இருந்தும் ஒரு பக்க நாடி மங்கல் என்றாலோ சி.டி. ஆஞ்சியோ. உங்களைப் போன்ற இடத்துக்கு என் கருத்து வேறு. விலகிய முட்டி எதுவானாலும், விகிதம் 1.0 ஆக இருந்தாலும், அன்றிரவே அனுப்பிவிடுங்கள். அதிகாலை 3 மணிக்கு உங்கள் வார்டில் குழாய் அடைத்தால், ஆம்புலன்ஸ் வந்து, பயணம் போய், அரங்கு தயாராவதற்குள் 6 மணி நேரம் கரைந்துவிடும். "தேவையில்லாமல் அனுப்பிவிட்டார்" என்று அங்கே யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அனுப்பும் முன் போனில் பேசுங்கள். எலும்பு மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்பதோடு நிற்காமல், ரத்தநாள அறுவை செய்பவர் இன்றிரவு இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாத இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்குத்தான் நேரம் போய்விடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியான ஹெப்பாரின் போடலாமா என்பதை அவர் சொல்லட்டும். தலையிலோ வயிற்றிலோ அடி இருந்தால் அது ஆபத்து. குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "விபத்து 7.30. முட்டி பின்னோக்கி மடங்கிக் கிடந்தது, சம்பவ இடத்தில் இழுத்து வைத்தார்கள். 8.25: வலது மேல்நாடி மங்கல், பின்நாடி உண்டு, விகிதம் 0.80, இடது 1.03. கட்டைவிரலைத் தூக்க முடிகிறது, முதல் இரண்டு விரல்களின் இடுக்கில் உணர்வு உண்டு. 8.50: ஸ்லாப் போட்ட பின் மாற்றமில்லை." விபத்துப் பதிவேட்டிலும் இதையே எழுதிவிடுங்கள். பணத்துக்காக உறவினர்கள் தயங்கினால், தமிழ்நாட்டுச் சாலைகளில் நடக்கும் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது என்று சொல்லுங்கள்.

ஸ்லாப் விஷயத்தில் சுருக்கமாக. முட்டியை 15 முதல் 20 டிகிரி மடக்கி, தொடையிலிருந்து பாதம் வரை பின்பக்கம் மட்டும். சுற்றிக் கட்டும் மாவுக்கட்டு கூடவே கூடாது. நாடி பார்க்கும் இரண்டு இடங்களும் விரல்களும் திறந்திருக்கட்டும். ஓட்டத்தில் சந்தேகம் இருந்தால் காலைத் தலையணை மேல் உயர்த்தாதீர்கள், இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஐஸும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். வலிக்கு மருந்து கொடுங்கள், ஆனால் நரம்பு மரக்கும் ஊசி போடாதீர்கள். கெண்டைச் சதை இறுகி, விரலை மெல்ல மேலே இழுத்தாலே அலறுகிறார் என்றால் அது தசை அறைகளில் அழுத்தம் ஏறுவதன் அறிகுறி. மரத்துப்போன காலில் அது தெரியாது.

பெரிய மருத்துவமனையில் என்ன நடந்திருக்கும் என்று உறவினர்கள் உங்களிடம் வந்து கேட்பார்கள். கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல காலிலிருந்து எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைத்திருப்பார்கள். சிரைக்குள் வால்வுகள் இருப்பதால் திருப்பித்தான் வைக்க வேண்டும். அடிபட்ட காலிலிருந்து எடுக்காததற்குக் காரணம், அங்கே ஆழத்துச் சிரையும் கிழிந்திருந்தால் ரத்தம் திரும்ப அந்தத் தோலடிச் சிரை ஒன்றுதான் வழி. கெண்டையின் இரு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்து விட்டிருப்பார்கள். பட்டினி கிடந்த தசைக்கு மறுபடி ரத்தம் பாய்ந்ததும் அது வீங்கும், நான்கு தசை அறைகளையும் திறக்காவிட்டால் உள்ளேயே நெரிந்து சாகும். "நல்ல காலையும் கிழிச்சுட்டாங்க, இந்தக் காலையும் தைக்காம விட்டுட்டாங்க" என்று கோபப்படும் வீட்டாருக்கு இதை விளக்க உங்களைவிட நெருங்கிய ஆள் கிடைக்க மாட்டார். இன்னொன்று: மக்கள் பேச்சில் ரத்தக் குழாயும் "நரம்பு"தான். "நரம்பை ஒட்டிட்டாங்க, அப்புறம் ஏன் பாதம் தூக்க வரல?" என்று கேட்பார்கள். ஒட்டியது ரத்தக் குழாயை, பாதத்தைத் தூக்குவது வேறொரு நரம்பு என்று படம் போட்டுக் காட்டுங்கள்.

அந்தப் பாதம் தொங்குவதற்கு வருகிறேன். முட்டிக்கு வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி வரும் காமன் பெரோனியல் நரம்பு, விலகலின்போது இழுபட்டிருக்கலாம். நான் மேலே சொன்ன 2014 தொகுப்பில் நால்வரில் ஒருவருக்கு நரம்புக் காயம் இருந்தது. அல்லது ரத்தம் இல்லாமல் முன்பக்கத் தசைகளே செத்திருக்கலாம். முதல் இரவு 8.15க்கு அவர் கட்டைவிரலைத் தூக்கினாரா என்று எழுதியிருந்தால் இன்று விடை தெரிந்திருக்கும். நரம்பு மட்டும் போனால் உணர்வு கீழ்க்காலின் வெளிப்பக்கத்திலும் பாதத்தின் மேற்பக்கத்திலும் மட்டும் குறையும், உள்ளங்கால் உணர்வு அப்படியே இருக்கும். ரத்தம் இல்லாத காலில் காலுறை போட்டது மாதிரிச் சுற்றிலும் மரத்திருக்கும். இப்போதும் இதைப் பரிசோதித்துப் பார்க்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் பாதம் கீழ்நோக்கி இறுகிவிடாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. பாதத்தை 90 டிகிரியில் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட், இரவிலும் போட வேண்டும். தினம் மூன்று, நான்கு தடவை கையால் பாதத்தை மேலே தள்ளிக் குதிநாணை நீட்ட வேண்டும். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், பிசியோதெரபி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்து 3, 4 வாரம் ஆன பிறகு நரம்பு மின்பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன் எடுத்தால் சேதத்தின் அளவு சரியாகத் தெரியாது. இழுபட்ட நரம்பு மீள்வது மெதுவாகவும், பல சமயம் அரைகுறையாகவும்தான். பல மாதம் பார்த்தும் திரும்பாவிட்டால், பாதத்தை உட்பக்கம் திருப்பும் தசையின் நாணை முன்னால் கொண்டுவந்து பொருத்தும் அறுவை உண்டு, ஸ்பிளின்ட் இல்லாமல் நடக்க அது உதவும். அதற்கு அந்தத் தசை ரத்தப் பட்டினியிலிருந்து பிழைத்திருக்க வேண்டும். அடுத்த முறை அவர் உங்களிடம் வரும்போது பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்லி, உங்கள் கையால் எதிர்த்துத் தள்ளி அதன் வலுவைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.